கேப்டன் டிகோனாவின் உறை

“அந்த வாளை உருவிக் காட்டுங்க, சித்தப்பா.”

அந்த வீட்டில் யாரும் கேட்கக் கூடாத ஒன்று அது. நெலிதாவுக்கு நடை பழகிய நாளிலிருந்தே சட்டம்: தொடலாம், துடைக்கலாம், உருவச் சொல்லக் கூடாது. சட்டம் போட்ட அப்பா எலியோதோரோ முன்னறையில் சவப்பெட்டிக்குள் கிடந்தார். பெட்டியின் மேல் பெரு நாட்டுக் கொடி. கொடியின் மேல் அந்த வாள்.

சித்தப்பா டெமெத்ரியோ கன்னத்தில் அதக்கியிருந்த கோக்கா இலையை மெல்லுவதை நிறுத்தினார்.

“பொணத்தை வச்சுக்கிட்டு கேக்குற கேள்வியா இது? லிமாவுக்குப் போய்ப் படிச்சதுல புத்திதான் கூடலைன்னு பாத்தா, மரியாதையும் போச்சா?”

“இன்னிக்கு உருவலேன்னா இனிமே எப்பவும் இல்ல. அடக்கம் முடிஞ்ச கையோட அது சங்கத்துக் கண்ணாடி அலமாரிக்குப் போயிடும். என்ன கொடுக்கிறோம்னு பாத்துட்டுக் கொடுப்போம்.”

போர்வீரர் வாரிசுகள் சங்கத்தின் செயலாளர் தோன் அவுரேலியோ மார்புப் பட்டையை நீவிவிட்டுக்கொண்டார். “கேப்டன் மரியானோ டிகோனாவோட வாள் பொண்ணே. இந்த டாக்னா ஊருக்கே தெரியும்.”

ஊருக்குத் தெரிந்தது அப்பா சொன்னதுதான். மினிபஸ் ஓட்டி வீடு திரும்பும் அப்பா, ஞாயிறுதோறும் பழைய சாமான் சந்தைக்குப் போவார். துருப்பிடித்த பொத்தான், கிழிந்த பட்டை, யாரோ ஒரு அதிகாரியின் தோளணி, எதையாவது வாங்கிக்கொண்டு வருவார். சிலிக்காரர்களோடு அந்தக் காலத்தில் நடந்த போரில் தன் கொள்ளுத்தாத்தா மரியானோ போட்டிருந்த சட்டையில் அதையெல்லாம் அம்மாவைத் தைக்கச் சொல்வார். வருஷாவருஷம் கொடி ஊர்வலத்தில் வாரிசுகளின் வரிசையில், தன்னிடமிருந்த ஒரே கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு, பெரிய வீட்டு மனிதர்களுக்குச் சமமாக நடப்பார். டிகோனா என்ற பெயருள்ள ஒரு அய்மாரா பழங்குடி ஆளுக்கு அந்த வரிசையில் வேறெப்படி இடம் கிடைக்கும்?

“சரித்திரம் படி. நம்ம கேப்டனைத் தேடு,” என்று சொல்லித்தான் அவளை அனுப்பினார். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். தேடினாள். தேடியது கிடைத்துவிட்டதுதான் தப்பாகப் போயிற்று. விடுமுறைக்கு வந்தபோது சட்டையின் தோளணியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். அடியில் பழைய ஊசித் துளைகள், பிறை வடிவத்தில். அதிகாரிகளின் சட்டையில் பிறை கிடையாது. அது பட்டாளத்து வாத்தியக்காரர்களின் தோளில் தைப்பது. மத்தியானச் சாப்பாட்டில் எல்லாரும் இருக்கும்போதே சொன்னாள்: “அவர் கேப்டன் இல்லப்பா. எக்காளம் ஊதினவர்.”

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். சூப் ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவள் போன் செய்யும்போதெல்லாம் “சாப்டியா? இந்தா, அம்மாகிட்ட பேசு” என்பதோடு சரி. இரண்டு வருஷமாக அவ்வளவுதான். தான் சொன்னது உண்மை, உண்மைக்கு ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவளும் இறங்கி வரவில்லை.

“கொடுங்க அவகிட்ட,” என்றாள் அம்மா ஹூஸ்தா, காபித் தட்டைக் கீழே வைக்காமலே.

“அண்ணி!”

“கொடுங்கன்னேன்.”

சித்தப்பா வாளை நீட்டினார். நெலிதா பிடியை இழுத்தாள். இறுகியிருந்தது. இன்னொரு முறை இழுத்தாள். நீளமான அதிகாரி உறையிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு குட்டை வாள் வந்தது. கூடவே, ஆடாமல் இருக்க உறைக்குள் அடைத்திருந்த பழைய கம்பளித் துண்டும் வந்து விழுந்தது. அப்பாவின் நீல ஸ்வெட்டர் கை.

தோன் அவுரேலியோதான் முதலில் சுதாரித்தார். “போர்ல உடைஞ்சிருக்கு! பாருங்க, எப்படிச் சண்டை போட்டிருக்காரு மனுஷன்!”

“உடைஞ்சதுக்கு முனை இருக்காது, தோன் அவுரேலியோ. இதுக்கு இருக்கு.”

பிடியில் சுற்றியிருந்த தங்கநிறக் கயிற்றை அவள் தள்ளினாள். கயிறு இறுக்கமாக இல்லை. தினமும் அவிழ்த்துக் கட்டிய கயிறு போல வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. அடியில், பித்தளையில் ஒரு சின்ன யாழ். வாத்தியக்காரர்களின் முத்திரை. அப்பா அதை ராவித் தேய்த்து அழித்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தாள். அழிக்கவில்லை. கட்டைவிரல் பட்டுப் பட்டு அது மட்டும் பளபளத்தது. வாளில் துருவின் பொட்டுக்கூட இல்லை. எண்ணெய் மணந்தது.

“நீ பொறக்கறதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரியும்,” என்றாள் அம்மா. “தோளணி தைச்சவளே நான்தானே. கதவைச் சாத்திக்கிட்டு எண்ணெய் போடுவாரு.”

“அப்புறம் எதுக்கு என்னைத் தேடச் சொன்னாரு?”

அம்மா தட்டிலிருந்த கோப்பைகளை நகர்த்தி வைத்தாள். “படிச்சவ நீ சொல்லிட்டா, நிஜமாவே கேப்டன் ஆயிடுவாருன்னு நெனச்சிருப்பாரு.”

நெலிதா தன் கட்டைவிரலை அந்த யாழின் மேல் வைத்தாள்.

“சரி சரி, உள்ள வச்சு மூடு,” என்றார் சித்தப்பா தணிந்த குரலில். “வண்டி வந்துடும். இருக்கறவங்க நாலு பேரு. யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க. அண்ணனுக்காகவாவது.”

“காலையில பேண்டுக்காரங்க வந்தாங்களே, எங்க?”

“திருப்பி அனுப்பிட்டேன். கேப்டன் வீட்டு சாவுக்கு அந்தச் சந்தை பேண்டா? சங்கத்துல ஒலிநாடா கொண்டு வந்திருக்காங்க.”

“யாரு வரச் சொன்னது அவங்களை?”

அம்மாதான் சொன்னாள்: “ஆஸ்பத்திரில இருந்தப்போ உங்கப்பாதான்.”

நெலிதா கீழே கிடந்த ஸ்வெட்டர் கையை எடுத்து வாளின் முனையைச் சுற்றினாள். காலி உறையைக் கொடியின் மேலேயே, இருந்த இடத்தில், நேராக வைத்தாள்.

“அது சங்கத்துக்கு. எடுத்துக்கோங்க.”

“பொண்ணே, வாள் இல்லாம உறையை வச்சு நான் என்ன—”

அவள் வாசலைத் தாண்டியிருந்தாள். தெருமுனை மூலிகைக் கஷாய வண்டியைச் சுற்றி, கசங்கிய சிவப்புக் கோட்டுகளில், வாத்தியக்காரர்கள் இன்னும் போகாமல் நின்றிருந்தார்கள். எக்காளக்காரர் அவள் கையிலிருந்த வாளின் யாழைப் பார்த்தார். கோப்பையை வண்டி மேல் வைத்துவிட்டு, புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.