பந்தைக் கண்டால் பூட்டிக்கொள்ளும் கை

கில்டோரன் ஊரில் ஒருவனுக்கு என்ன மதிப்பு என்று தெரிய வேண்டுமானால், ஏப்ரல் மாதத்து முதல் சனிக்கிழமை கோல்ஃப் திடலுக்குப் போக வேண்டும். அன்றுதான் கிளப்பின் புதிய கேப்டன் ஊரார் முன்னிலையில் ஒரே ஒரு பந்தை அடித்துப் பதவியேற்பார். மட்டை பந்தில் படுகிற நொடியில் மணி ஒலிக்கும். பந்தை எடுத்துவருகிறவருக்கு ஒரு வெள்ளி நாணயம் உண்டு. நாணயம் கிடக்கட்டும், யார் எங்கே போய் நிற்கிறார்கள் என்பதில்தான் சங்கதி. கெட்டிக்கார ஆட்டக்காரன் என்றால் இருநூறு கஜம் தள்ளி நிற்பார்கள். மட்டமானவன் என்றால் பக்கத்திலேயே நிற்பார்கள். வாயைத் திறந்து ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

நினியன் கிரோலுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு வருஷத்துக்கு முன் மருந்துக்கடைக்காரர் கேப்டனானபோது, அவருக்குப் பத்தடி முன்னால் மண்டிபோட்டு இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்தவன் சாட்சாத் இந்த நினியன்தான். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மருந்துக்கடைக்காரரும் சிரித்தார். வேறென்ன செய்வார், பாவம்.

இந்த வருஷம் கேப்டன் நினியன்.

படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவன். ஐம்பத்துநாலு வயது. உப்புக்காற்றில் துருவேறி இறுகிய எந்த மரையையும் கழற்றிவிடுகிற கை. அந்தக் கைக்குத்தான் நவம்பரில் கேடு பிடித்தது. மட்டை பந்தை நெருங்கும்போது வலது கை இடது கையின் மேல் உருண்டு போக வேண்டும். மணிக்கட்டில் தேக்கிவைத்த விசை அப்போதுதான் மட்டையின் தலைக்குப் போகும்; திறந்து கிடக்கிற அதன் முகமும் பந்துக்கு நேராகத் திரும்பும். கதவைச் சாத்துவதைப் போல யோசிக்காமல் செய்கிற காரியம். நாற்பது வருஷம் நினியனும் யோசிக்காமல்தான் செய்தான். இப்போதோ பந்துக்கு ஒரு சாண் முன்னால் முழங்கையிலிருந்து விரல் வரை கட்டையாக இறுகிவிடுகிறது. பந்து வலது பக்கம் பிய்த்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடுகிறது. குளிர்காலம் முழுக்க ஊர் இதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, கிளப்பின் பயிற்சியாளர் ரோனாவிடம் கடைசியாகப் போய் நின்றான்.

"பந்து இல்லாம வீசுங்க," என்றாள். வீசினான். காற்று கிழிந்தது.

"இந்தப் பூவை வெட்டுங்க." டெய்சிப் பூவின் தலை பறந்தது. காகிதத்தைக் கசக்கி வைத்தாள். அதுவும் நேராகப் போனது. பந்தை வைத்தாள். கடற்கரையில் நாரைகள் பதறி எழுந்தன.

"கண்ணை மூடிக்குங்க. நான் பந்து வைக்கல. சும்மா வீசுங்க."

மூன்று முறை வெண்ணெயாக வந்தது. நாலாவது முறை பாதியில் கை பூட்டிக்கொண்டது.

"வச்சிட்டே, இல்ல?" என்றான் நினியன்.

"ஆமா. எப்படித் தெரிஞ்சுது?"

"குனிஞ்சப்போ உன் முட்டி சொடுக்குச்சு."

ரோனா தலையில் கைவைத்துக்கொண்டாள். "இதுக்கு என்ன வைத்தியம்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? முடியாதவங்களுக்குப் பதிலா பழைய கேப்டன் ஒருத்தர் அடிக்கலாம்னு விதி இருக்கே."

"கை உடைஞ்சவனுக்குத்தான் அந்த விதி. எனக்குக் கை நல்லாத்தானே இருக்கு."

அன்று இரவுச் சாப்பாட்டில் அவன் மனைவி எஃபி சொன்னாள்: "சின்ன மட்டையால தரையோட தட்டிவிட்டுடேன். நேராப் போகும்ல?"

"ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. நீ சிரிக்காததா?"

அவனுக்குச் சுருக்கென்றது. திறக்க வராத ஜாம் புட்டியை அவள் நீட்டினாள். ஒரே திருகில் திறந்தது. இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

"பயமா இருக்கு, எஃபி," என்றான். "நான் சொன்னா இது கேக்க மாட்டேங்குது."

சனிக்கிழமை பந்தடிக்கும் மேட்டில் ஏறி நின்று பார்த்தான். எதிரே ஒரு ஈ காக்கை இல்லை. ஊர் மொத்தமும் வலது பக்கம், அறுபது கஜத்தில், கடற்கரை மணலில் நின்றது. அவன் கூட்டாளி ஸாண்டி முழங்கால்வரை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரிலேயே இறங்கியிருந்தான்.

"சீக்கிரம் அடிடா, நினியா. காலு விறைக்குது."

சிரித்தார்கள். பழிவாங்குகிற சிரிப்பில்லை. அதுகூட இருந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியிருப்பான்.

பிறகுதான் பச்சை மேலங்கி கண்ணில் பட்டது. நேர் எதிரே, இருநூறு கஜத்துக்கும் அப்பால், புல்வெளி நடுவில் எஃபி தனியாக நின்றாள். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் திடலுக்குள் கால் வைத்தவளில்லை. அவன் எவ்வளவு தூரம் அடிப்பான் என்பதெல்லாம் அவன் வாயால் அளந்த பெருமையில் அவள் கேட்டதுதான். மேட்டுக்குப் பின்னாலிருந்து காலை வெயில் நேரே அவள் கண்ணில் விழுந்தது.

இவளும் மணலில் போய் நின்றிருக்கக் கூடாதா என்று அவனுக்கு இருந்தது. கடவுளே, இந்த ஒன்று மட்டும் நேராகப் போகட்டும். மட்டையைத் தூக்கினான். இறக்கினான். ஒரு சாண் இருக்கும்போது கை பூட்டிக்கொண்டது.

மணி ஒலித்தது. ஸாண்டி இரண்டடி நகர்ந்து, அலையில் விழுந்த பந்தை எடுத்துத் தலைக்கு மேல் காட்டினான். எல்லாரும் மனதாரக் கைதட்டினார்கள். "பரவால்லடா, போன வாரத்தை விடத் தூரம்," என்று ஸாண்டி மேட்டுக்கு வந்து ஈரக்கையோடு முதுகில் தட்டினான். நினியன் நாணயத்தைக் கொடுத்தான்.

அதற்குள் யாரோ எதிரே பார்த்துவிட்டுக் கைதட்டுவதை நிறுத்தினார்கள். பிறகு எல்லாரும் நிறுத்தினார்கள். எஃபி குனிந்து புல்லை விலக்கி விலக்கித் தேடிக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டால் கேட்காது, காற்று எதிர்க்காற்று. மட்டையைப் போட்டுவிட்டு நினியன் நடந்தான். ஊர் பார்த்துக்கொண்டிருக்க அந்த இருநூறு கஜத்தையும் நடந்தான். அவன் நிழல் பட்டதும் நிமிர்ந்தாள். வெயிலில் கூசிய கண்ணில் நீர் கோத்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"மணிச் சத்தம் கேட்டுச்சு. பந்து கண்ணுலயே படல. என்னைத் தாண்டிப் போயிடுச்சா?"

அவள் பக்கத்தில் குனிந்து அவனும் புல்லில் தேட ஆரம்பித்தான்.