வெள்ளைக் கட்டம்

கொத்தனார் வேலை பார்க்கிற புருஷனின் சுண்ணாம்பு வாளியை மழைமானியின் மேல் கவிழ்த்து, காற்று தூக்கிப் போகாமல் இருக்க ஒரு செங்கல்லையும் அதன் தலையில் வைத்துவிட்டு அவள் ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. முதலில் வாளியின் மேல்தான் சத்தம் கேட்டது, யாரோ சரளை கொட்டுவதுபோல. அப்புறம் பம்ப் ஹவுஸின் ஜன்னல் மறைப்பில், அப்புறம் கால்வாயில், அப்புறம் தெரு முழுக்க. கடைசிப் படியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். இவ்வளவு இறங்குகிறது, இதில் ஒரு சொட்டுகூடக் கணக்கில் ஏறப்போவதில்லை. முன்பெல்லாம் அப்படி நினைத்தால் வாளியை எடுத்துவிடலாமா என்று திரும்பி இரண்டு படி ஏறுவாள். இப்போது ஏறுவதில்லை.

தெருவில் அவளுக்கு ஏணி என்று பேர். நாத்தனார் வைத்தது. பம்ப் ஹவுஸைப் பெருக்கிக் கழுவுகிற வேலையோடு, தினமும் மாடிக்கு ஏறி மழைமானியில் விழுந்த இலை, குருவி எச்சம், சிலந்தி வலை எல்லாவற்றையும் துடைக்கிற வேலையும் அவள் தலையில் விழுந்த நாளில், "எங்க அண்ணி ஒசந்துட்டாங்க, இனிமே ஏணி வச்சுத்தான் பேசணும்" என்று தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே நாத்தனார் சொன்னாள். சிரித்துச் சிரித்து அதுவே பேராகிவிட்டது.

மானியைக் கொண்டுவந்து மாட்டியது ஒரு இளம்பெண். மேப்பு அம்மா என்பார்கள். முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு உருளை, மேலே புனல், புனலின் வாயில் சல்லடை, உள்ளே பொம்மைக் கரண்டி மாதிரி ஒன்று. தண்ணீர் நிறைந்தால் கரண்டி ஒருபக்கம் சாயும். டக். ஒவ்வொரு டக்கும் எங்கோ போய்ச் சேர்ந்து, இந்த வட்டாரத்தின் மேப்புப் படத்தில் கட்டத்துக்குக் கட்டம் நிறமாக விழும். மழை இல்லையென்றால் வெள்ளை, தூறினால் இளநீலம், அப்புறம் கருநீலம், ஆபத்தென்றால் சிவப்பு. யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம். அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். மேலே ஏரி நிரம்பினால் மதகைத் திறந்தாக வேண்டும், தண்ணீர் இந்தக் கால்வாயிலும் வரலாம், புதுவீட்டு மனைகள் பக்கம் போகிற கால்வாயிலும் போகலாம், எந்தப் பக்கம் படத்தில் மழை குறைவோ அந்தப் பக்கம் விடுவார்கள், அதனால் இரண்டு பக்கமும் தப்பிக்கும் என்றாள். தெரு அப்போது போனைக் கையிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டு, நம்ம கட்டம் எது, நம்ம கட்டம் எது என்று தேடிக்கொண்டிருந்தது. சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. இவளுக்கு முழுதும் விழுந்தது. விழுந்து அங்கேயே கிடந்தது.

படம் வந்த பிறகு பம்ப் ஓட்டுகிறவரைப் பெரிய நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். பொத்தான் எங்கேயோ இருந்தது, மோட்டார் தானாக ஓடித் தானாக நின்றது. சாவியும் துடைப்பமும் அவளிடம். முன்பு மழை நாட்களில் மதகுக்காரர் பம்ப் ஹவுஸ் போனில் கூப்பிட்டுக் கேட்பார், உங்க பக்கம் எப்படி என்று. பக்கத்தில் யாரும் இல்லையென்றால் இவளே எடுத்து, கரண்டைக்கால் வரைக்கும், முட்டி வரைக்கும் என்று சொல்வாள். முட்டி என்றால் யார் முட்டி என்று அவர் கேலி செய்வார். இப்போது அந்தப் போனைத் தூசி தட்டுவதோடு சரி. அது அடிப்பதில்லை.

பிறகு ஒரு நாள் தெருமுனைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அடிக்கடி சிவப்பாகிற கட்டங்கள் வெள்ளப் பகுதி என்று அறிவிக்கப்படும், அங்கே குடியிருப்பவர்களை வேறிடத்துக்கு மாற்றுவார்கள். வேறிடம் என்பது எது என்று எல்லோருக்கும் தெரியும். ஊரைத் தாண்டி, பஸ்ஸும் போகாத இடத்தில், தீப்பெட்டி அடுக்கினதுபோல நிற்கிற கட்டடங்கள். அங்கே இஸ்திரி போடுகிறவரிடம் யார் துணி கொடுப்பார்கள், தையக்காரியிடம் யார் அளவு கொடுப்பார்கள்? கொத்தனார் அன்று சாப்பிடவில்லை. ஊரான் வீட்டுக்கெல்லாம் சுவர் எழுப்பிவிட்டு, மிச்ச செங்கல்லும் உடைந்த செங்கல்லுமாகச் சேர்த்து, ஞாயிறு ஞாயிறாக அவர் கட்டிய வீடு இது. ஒட்டினாற்போல் தங்கைக்கும் ஒரு அறை, மேலே தகரம்.

வாளி யோசனை அவருடையதுதான். தங்கையின் அறையில் தெரு கூடியிருந்தபோது சொன்னார். "அளந்தாத்தான செவப்பு? அளக்க விடாத." நாத்தனார்தான் முதலில் சிரித்தாள். "ஆளுக்குக் கொடை பிடிச்சுப் பாத்திருக்கேன், மானிக்குக் கொடை பிடிக்கிற தெரு நம்ம தெருதான்." வேலை போய்விடும் என்று இவள் சொல்லிப் பார்த்தாள். வேலை போனா வேற வேலை, வீடு போனா என்று இஸ்திரிக்காரர் தொடங்கி, முடிக்காமல் விட்டார். இடுப்பு ஒடிந்த மனிதர். அவர் முடிக்காமல் விட்டதுதான் அவளை ஏணியில் ஏற்றியது.

சுத்தமாக மூடினால் சந்தேகம் வரும். அதனால் தூறலை விட்டுவிடுவாள், கனமழைக்கு மட்டும் வாளி. காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு எவ்வளவு பெய்யலாம்?" என்று கொத்தனார் கேட்பார், குழம்புக்கு எவ்வளவு உப்பு என்று கேட்கிற மாதிரி. கொஞ்சம் விடலாம் என்பாள். உள்ளுக்குள் ஒரு கெத்து இருந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வாழ்நாள் முழுக்க யாரோ சொன்னபடி குனிந்து பெருக்கியவள், இப்போது இந்தத் தெருவுக்கு எவ்வளவு மழை என்று தீர்மானிக்கிறாள். பக்கத்துக் கட்டங்கள் எல்லாம் நீலம் பாரித்துக் கிடக்க, தங்கள் கட்டம் மட்டும் சலவை செய்த வேட்டி மாதிரி வெள்ளையாக இருப்பதைத் தெரு பார்த்துச் சிரிக்கும். அவளும் சிரிப்பாள்.

இந்த முறை மழை விடவில்லை. அன்று பிடித்தது மறுநாளும் அடித்தது, அதற்கு மறுநாளும் அடித்தது. வாளி இருந்த இடத்திலேயே இருந்தது. கால்வாய் நிறைந்து, கரையை நக்கிக்கொண்டு ஓடியது. ஆனாலும் ஏறவில்லை, எத்தனையோ மழையைப் பார்த்த கால்வாய். நாலாம் நாள் காலையில் மழை சட்டென்று நின்று, கண்கூசுகிற மாதிரி வெளிச்சம்கூட வந்தது. தப்பிச்சோம் என்று எல்லோரும் நனைந்த துணிகளை எடுத்து வெளியே போட்டார்கள்.

வெயிலோடுதான் வந்தது தண்ணீர். மழைத்தண்ணீர் மாதிரி இல்லை, செம்மண் நிறத்தில், மரக்கிளைகளையும் யார் வீட்டுக் கதவையோ உருட்டிக்கொண்டு, கால்வாயின் இரண்டு கரையும் தெரியாமல் வந்தது. மதகைத் திறந்திருக்கிறார்கள். துணி எடுத்தவர்கள் துணியோடும், ஒன்றும் எடுக்காதவர்கள் வெறுங்கையோடும் பம்ப் ஹவுஸுக்கு ஓடினார்கள். தெருவில் அந்த மாடி ஒன்றுதான் உயரம். அவள் ஏணியைப் பிடித்துக்கொள்ள ஒவ்வொருவராக ஏறினார்கள். இஸ்திரிக்காரரைக் கொத்தனார் முதுகில் தூக்கி வந்தார். இடமில்லாத மாடி. உட்கார இடம் தேடிய இஸ்திரிக்காரரைக் கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல், செங்கல்லைத் தள்ளிவிட்டு, உட்கார வைத்தார்கள்.

நாத்தனாரைக் காணோம். பிறகு தெரிந்தாள். தன் அறையின் தகரத்துக்கு மேல், மெஷினின் தலையை மட்டும் கழற்றி மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் தகரத்துக்குக் கொஞ்சம் கீழே ஓடியது. "அண்ணி, உங்க ஏணிய இந்தப் பக்கம் நீட்டுங்க" என்று கத்தினாள். விளையாட்டாகச் சொல்வதுபோல்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டே கால்களைத் தகரத்தின் மேல் இழுத்துக்கொண்டாள். நடுவில் ஓடுகிற தண்ணீரில் ஏணி என்ன, எதுவும் நிற்காது.

மதகுக்காரருடைய எண் அவள் போனில் இருந்தது. பேட்டரி சிவப்புக் கோட்டில் இருந்தது. அடித்தாள். அவர் எடுத்ததும், இன்னும் ஒரு தரம் திறக்க வேண்டியிருக்கும் என்று அவசரமாகச் சொன்னார். ஏரி நிற்காதாம். புதுவீட்டு மனைகள் பக்கம் முழுக்கச் சிவப்பாம், இந்தப் பக்கம்தான் விட வேண்டுமாம்.

"ஐயா, விடாதீங்கய்யா. இங்க கூரை வரைக்கும் தண்ணி. மூணு நாளா கொட்டித் தீத்துடுச்சு."

"படத்துல வெள்ளையால்ல இருக்கு, நீ என்னம்மா சொல்ற. நான் நம்புறேன். மேல கேட்டா எதைக் காட்டுறது? கால் மணிக்கு ஒரு தரம் படத்தைப் பாத்துத்தான் உத்தரவு போடுறாங்க."

அதோடு போன் செத்துவிட்டது. மற்றவர்கள் போனெல்லாம் நனைந்திருந்தது.

மேப்பு அம்மா சொல்லிக் காதில் விழுந்து கிடந்தது அப்போது எழுந்து உட்கார்ந்தது. மழை குறைந்த பக்கம் விடுவார்கள். மழையை மறைத்த பக்கம் என்று அந்தப் பெண் சொல்லவில்லை, அப்படி ஒரு பக்கம் இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

அவள் இஸ்திரிக்காரர் எதிரில் போய் நின்றாள். கொத்தனார் குறுக்கே வந்தார். குரலை இறக்கித்தான் பேசினார், ஆனால் மாடி முழுக்கக் கேட்டது.

"தண்ணி வடிஞ்சுடும். செவப்பு வடியாது."

"அங்க உக்காந்திருக்கறது உங்க தங்கச்சி."

அவர் தகரத்தின் பக்கம் திரும்பவில்லை. கீழே, தன் வீட்டின் மேல்வரிசைச் செங்கல் மட்டும் தெரிகிற இடத்தைப் பார்த்தார். எடு என்று யாரும் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் யாரும் சொல்லவில்லை. கூடிப் பேசிய அன்றைக்கும் இதே முகங்கள்தான். கடைசியில் இஸ்திரிக்காரர் தன் பக்கத்தில் நின்றவன் தோளைப் பிடித்துக்கொண்டு, முனகாமல் எழுந்து நின்றார்.

வாளியைத் தூக்கினாள். அடியில் சிமெண்டுத் தரை வட்டமாக, வெளுப்பாக, ஒரு பொட்டு ஈரமில்லாமல் இருந்தது. புனலின் குறுக்கே ஒரு சிலந்தி நிம்மதியாக வலை கட்டியிருந்தது. ஊரே முழுகிக் கிடக்கிற நாளில் அது ஒன்றுதான் நனையாத வீடு. விரலால் வழித்து எறிந்தாள். வானத்தைப் பார்த்தாள். பெய்ய வேண்டிய நேரத்தில் அது வெளுத்து, மெல்லிசாகத் தூறிக்கொண்டிருந்தது. போன மழை மானிக்குத் தெரியாது, இந்தத் தூறலுக்கு இளநீலம்கூட ஆகாது. அடிக்கிற மழைக்கெல்லாம் வாளி பிடித்தவள், இப்போது நாலு சொட்டுக்கு அண்ணாந்து நிற்கிறாள்.

அப்புறம் அவள் மாடியில் துணி உலர்த்துகிற கொடிக்கயிற்றை அவிழ்த்து வாளியின் கைப்பிடியில் கட்டினாள். மாடி ஓரத்தில் குப்புறப் படுத்து, கீழே ஓடுகிற வெள்ளத்தில் வாளியை விட்டு மொண்டாள். தண்ணீர் அவளையும் சேர்த்து இழுத்தது. யாரோ அவள் காலைப் பிடித்துக்கொண்டார்கள். மேலே வந்தது பாதி தண்ணீர், பாதி சேறு. அப்படியே ஊற்றினால் சல்லடை அடைத்துக்கொள்ளும், அதைத் துடைத்துத் துடைத்துத்தானே கை தேய்ந்தது. பெருக்கும்போது தலையில் கட்டுகிற துணியை அவிழ்த்துப் புனலின் மேல் விரித்தாள். காற்று அதைப் பிய்த்தது. ஒரு முனையை ஒரு கை வந்து பிடித்தது, சுண்ணாம்பு அரித்த விரல்கள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நிஜ மழையை மூடியாகிவிட்டது. இப்போது பொய் மழைதான் மிச்சம், அதுவும் அடுத்த கால் மணிக்குள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். துணியில் சேறு தங்கியது, அடியில் தண்ணீர் சொட்டாக இறங்கியது. டக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டக். அவள் மறுபடி மொண்டாள், மறுபடி ஊற்றினாள். துணி கனத்துத் தொய்ந்து நடுவில் சேற்றுக் குட்டையாகியது. கட்டம் நிறம் மாறியதா என்று பார்க்க அந்த மாடியில் உயிருள்ள போன் ஒன்றுகூட இல்லை.

தகரத்தின் மேலிருந்து நாத்தனார் கையைத் தூக்கினாள். கூப்பிடுகிறாளா, கால்வாயின் மேல்பக்கம் எதையாவது காட்டுகிறாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. துணியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்க இரண்டு பேருக்கும் நேரமில்லை. சேற்றுக் குட்டையில் தூறல் விழுந்து சின்னச் சின்ன வளையங்கள் விரிந்தன. துணியின் அடியில் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழாமல் நின்றது.