ஏழாம் மாடியில் நிற்கும்

பதினான்கு மாடி அடுக்ககத்தின் லிஃப்ட், ஒரு செவ்வாய்க்கிழமை காலை முதல், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் முதலில் ஏழாம் மாடிக்குப் போய், கதவைத் திறந்து, ஒரு பெருமூச்சு விட்ட பிறகே கேட்ட இடத்துக்குப் போயிற்று. முந்திய நாள் அதன் மெக்கானிக் ஏழாம் மாடிக் கதவின் சென்சாரைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, எதிர்வீட்டுப் பல் டாக்டர் எட்டிப் பார்த்து, “ஒரு கையில டார்ச்சு, ஒரு கையில ஸ்க்ரூடிரைவர். மூக்கு அரிச்சா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார். டார்ச்சை வாங்கி ஒன்றரை மணி நேரம் கை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு வருடச் சேவையில் குடியிருப்போர் மெக்கானிக்குக்குப் பலவும் கொடுத்திருக்கிறார்கள், பெரும்பாலும் புகார். வெளிச்சம் கொடுத்தவர் அவர் ஒருவரே. அன்று மெக்கானிக் படுக்கப் போகுமுன் மூன்று முறை பல் துலக்கினார்.

லிஃப்டைத் திருத்த மெக்கானிக் ரிலேயை மாற்றினார், மோட்டாரைக் கழற்றி மாட்டினார், பயனில்லை. வாரக் கடைசிக்குள் அவர் பொறுப்பிலிருந்த இருபத்திரண்டு கட்டடங்களிலும் அதே கதை. ஐந்து மாடி அலுவலகம் ஒன்றில் ஏழாம் மாடியே கிடையாது. அங்கே லிஃப்ட் ஐந்தாம் மாடிக்கு ஏறி, கூரையை இரண்டு முறை மெல்ல முட்டிப் பார்த்துவிட்டு, மனமில்லாமல் இறங்கியது. அடுக்ககச் சங்கம் அவசரமாகக் கூடியது. எல்லா உயிரையும் நேசிக்க அருள்புரியுமாறு நாள்தோறும் கடவுளை வேண்டும் பன்னிரண்டாம் மாடித் தம்பதி, நாற்பது வினாடி தாமதத்தை மட்டும் தங்களால் நேசிக்க இயலவில்லை என்றனர். ரயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற செயலாளர் எல்லாவற்றையும் நிமிடக் கணக்கோடு எழுதி லிஃப்ட் கம்பெனிக்கு அனுப்பினார். கம்பெனி சுருக்கமாகப் பதில் சொன்னது: அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஏழாம் மாடிக்கான ஒயரை வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் மெக்கானிக் சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

மெக்கானிக் அக்கா வீட்டில் குடியிருந்தார். பத்து வருடமாகத் தம்பிக்குப் பெண் தேடுவதையே இரண்டாவது உத்தியோகமாகப் பார்த்துவந்த அக்கா, புதன்கிழமை அவர் மறந்து விட்டுப்போன சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அடுக்ககத்துக்கு வந்தார். லிஃப்ட் அவரையும் ஏழில் நிறுத்திக் காட்டியது. கதவுக்கு நேரே, இஸ்திரி போட்ட சட்டையும் கையில் டார்ச்சுமாக, எங்கும் போகிற உத்தேசமே இல்லாமல் பல் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். கதவு மூடுவதற்குள் அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“பொண்ணு போட்டோ காட்டினா பூச்சிமருந்து விளம்பரத்தப் பாக்கற மாதிரி பாப்ப. ஏழாம் மாடின்னு சொன்னாலே காது செவக்குது,” என்றார் அன்று சாப்பாட்டின்போது. “என்ன பத்து வருஷம் தெருத்தெருவா அலையவிட்டியேடா.”

“அக்கா, அது வந்து...”

“லிஃப்டுக்கு இருக்கற தைரியம் உனக்கு இல்ல. சாப்பிடு.”

மறுநாளிலிருந்து பாத்திரத்தில் இரண்டு பேருக்குச் சாப்பாடு இருந்தது. வேதங்களில் இதைவிடப் பெரிய ஆசீர்வாதங்கள் உண்டு. ஆனால் அவை சூடாக இருந்ததாகத் தகவல் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை மெக்கானிக் மொட்டைமாடி இயந்திர அறையில் வெட்டுக்குறடோடு உட்கார்ந்தார். பல் டாக்டர் கேட்காமலே ஏறி வந்து டார்ச்சைப் பிடித்தார்.

“இது உங்க மாடி ஒயர், சார். வெட்டிட்டா இனிமே உங்க மாடில நிக்காது.”

“வெட்டுங்க. ஏழு மாடி ஏறினா தொப்பை குறையும். உங்க வேலை போகக் கூடாது.”

மெக்கானிக் குறடை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கால் மணி நேரம் போயிற்று.

“என்ன, ஒயர் அவ்வளவு கெட்டியா?”

“ஒயர் மெல்லிசுதான், சார். என்னாலதான் முடியல. இத வெட்டினா உங்களப் பாக்க எனக்குச் சாக்கு இல்ல.”

பன்னிரண்டு வருடமாகப் பிறர் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைத்த பல் டாக்டருக்குத் தன் வாயைத் திறக்கச் சற்று நேரம் பிடித்தது. “அப்ப அத விடுங்க,” என்றார் கடைசியில். “சார்னு கூப்பிடறத வெட்டுங்க.”

டார்ச் வெளிச்சம் முதல்முறையாக ஆடியது. அதே நிமிடத்தில் மற்ற இருபத்தொரு லிஃப்டுகளும் குணமாயின. கம்பெனி அதைத் தன் நிர்வாகத் திறமை என்று அறிவித்து, மெக்கானிக்கைச் சீருடையிலேயே இருக்க அனுமதித்தது. அந்த ஒரு லிஃப்ட் மட்டும் திருந்தவில்லை. மெக்கானிக் ஏழாம் மாடிக்கே குடிவந்த பிறகும் அது நின்றது. பன்னிரண்டாம் மாடித் தம்பதி சங்கடத்தை வெளியே சொல்ல வழியில்லாமல் ஓராண்டு கூரையைப் பார்த்தபடி பயணம் செய்தனர். அடுத்த ஆண்டு, கதவு திறந்திருக்கும் நாற்பது வினாடியில் பல்வலிக்கு இலவச ஆலோசனை கிடைப்பதைக் கண்டுகொண்டு, வாயைத் திறந்தபடி பயணம் செய்தனர்.

ஒரே ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. இருவருக்குள் சண்டை வரும் நாளில் லிஃப்ட் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே நின்றுவிடும். அப்படி ஒரு காலை செயலாளர் உள்ளே மாட்டிக்கொண்டு, தலைக்கு மேலே தெரிந்த ஏழாம் மாடித் தரையைக் குடைப்பிடியால் தட்டினார். “யார் தப்புன்னு நான் கேக்கல. ஒன்பதரைக்கு பேங்க்குல இருக்கணும். யாராவது ஒருத்தர் விட்டுக்குடுங்கப்பா.” ஒருவர் விட்டுக்கொடுத்தார், யாரென்று இருவருமே ஒப்புக்கொள்வதில்லை. லிஃப்ட் இறங்கியது. செயலாளர் ஒன்பது இருபத்தெட்டுக்கு பேங்க்கில் இருந்தார்.

அன்று மாலை லிஃப்டுக்குள், ‘எட்டு நபர்கள் மட்டும்’ என்ற தகட்டுக்குக் கீழே அவர் கையாலேயே ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது: ‘ஏழாம் மாடியில் நிற்கும். நிற்காவிட்டால் சமாதானம் சொல்லவும்.’