தொட்டி வரை வந்த லென்ஸ்

உணவகத்தின் பின்பக்கத்தில் தரைக்கு அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. சமையலறையில் கழுவி ஊற்றுகிற எண்ணெயும் கொழுப்பும் அதில்தான் வந்து சேரும். மூடியைத் திறந்தால் மேலே மஞ்சளாகக் கட்டி நிற்கும். மண்வெட்டியால் உடைத்தால் கீழே கறுப்பு. நாற்றம் மூக்கோடு நிற்காது, தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அதை வாளியில் அள்ளி வெளியேற்றுவது என் வேலை.

அன்று என் மைத்துனன், மனைவியின் தம்பி, கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து நின்றான். கேமரா, லென்ஸ் எல்லாம் சோதித்துப் பார்த்து வீடியோ போடுகிறவன். கடையிலிருந்து மோட்டார் வைத்த புது பவர் ஜூம் லென்ஸ் ஒன்றை இரவலாக வாங்கி வந்திருந்தான்.

“இதை மாட்டிப் பாக்க வேற இடமே கிடைக்கலையா மாப்ளே?”

“பூவையும் பூனையையும் எல்லாரும் காட்டிட்டாங்க மாமா. இந்த மாதிரி இடத்தைக் காட்டினாத்தான் கண்ணை எடுக்காம பாப்பாங்க.”

“பாக்கறவனுக்கு மூக்கு தேவையில்ல பாரு. ஆனா என் மூஞ்சி தெரியக் கூடாது. உங்க அக்கா சமைச்சு டப்பா டப்பாவா வீடுகளுக்கு அனுப்பறா. அவ புருஷன் இங்க கிடக்கிறான்னு தெரிஞ்சா ஒரு டப்பா போகுமா?”

“சத்தியமா தெரியாது. அந்தச் சுவர் ஓரத்துலேர்ந்துதான் எடுக்கப் போறேன். படத்துல நீங்க ஒரு எறும்பு.”

அவனைத் தெரியும் என்பதால் அவன் கையையே பார்த்தபடி வேலை செய்தேன். அவனுடைய பழைய லென்ஸில் வளையத்தைப் பிடித்துத் திருகினால்தான் படம் கிட்டே வரும், வீட்டில் பார்த்திருக்கிறேன். இன்று கேமரா முக்காலியில் தனியாக நின்றது. அவன் தள்ளி நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தான். பரவாயில்லை, பயல் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான் என்று நினைத்தேன். முகத்தில் கட்டியிருந்த துணி நனைந்து நாறியது. அவிழ்த்துத் தோளில் போட்டேன். குமட்டிக்கொண்டு வந்தது. தொட்டி ஓரத்தில் துப்பினேன்.

சாயங்காலம் கேமராவோடு வீட்டுக்கு வந்தான். மனைவி தரையில் டப்பாக்களைப் பரப்பி நிரப்பிக்கொண்டிருந்தாள். அவள் போட்ட சாப்பாட்டைப் பிசைந்தபடியே போனை எங்கள் முன் நிமிர்த்தி வைத்தான்.

முதலில் சுவர், குழாய், வாளிகள், நடுவில் குனிந்த ஒரு ஆள். எறும்புதான். பிறகு அந்த ஆள் பெரிதாகிக்கொண்டே வந்தான். ஒரு குலுக்கல் இல்லை. எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு வந்து என் வாயில் நின்றது படம். மீசையில் மஞ்சளாக ஒரு கட்டி. உதட்டிலிருந்து நூல்போல எச்சில்.

“நீ லென்ஸ்ல கையே வைக்கலையேடா!”

“அதான் மாமா பவர் ஜூம்! போன்லேர்ந்தே இழுத்தேன். எவ்வளவு மெதுவா வருது பாத்தீங்களா? கிட்ட வந்தும் ஃபோகஸ் மீசையை விடவே இல்ல. மைக்ல மோட்டார் சத்தம் துளி விழல. நீங்க துப்புறது எவ்வளவு சுத்தமா கேக்குது!”

சுத்தமாம். சொல்லிவிட்டு ஒரு கவளத்தை வாயில் போட்டு மென்றான். தொட்டியை அள்ளும்போதுகூட எனக்கு அவ்வளவு அருவருப்பு வந்ததில்லை.

“அழி.”

“நாளைக்கு லென்ஸைத் திருப்பிக் கொடுக்கணும் மாமா. வேணும்னா மூஞ்சியை மட்டும் மங்கலாக்கிடறேன்.”

“ஃபோகஸைக் காட்டறதுக்கு மங்கலாக்கப் போறியா? அழிடா!”

“நீயாவது சொல்லுக்கா.”

அவள் கையில் கரண்டி அந்தரத்தில் நின்றிருந்தது. கண் இன்னும் போனில்தான் இருந்தது. பத்து வருஷத்துக்கு மேலாக என் துணியைத் துவைத்தவள்தான், தொட்டியை இதுவரை பார்த்ததில்லை.

“அழிச்சுடு,” என்றாள். “கேமராவுல இருக்கறதையும்.”

அழித்தான். நான் பக்கத்தில் நின்று இரண்டிலும் பார்த்துக்கொண்டேன். “இனிமே எங்க போய் பூனையைத் தேடறது,” என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டான்.

ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. டப்பா போகும். மூடி போடுவது எப்போதும் நான்தான். கீழே உட்கார்ந்து ஒரு மூடியை எடுத்தேன்.

“இருங்க, நானே போட்டுக்கறேன்.”

“கை கழுவிட்டேன்டி. சோப்பு போட்டுத்தான் கழுவினேன்.”

“தெரியும்ங்க.”

என் மீசைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். மூடியை விரல் நுனியால் வாங்கிக் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தேய்த்துக் கழுவத் தொடங்கினாள்.