டைரக்டர் மிதித்த சதுப்பு

ஐந்து வருஷமாக அவள் சதுப்பு நிலத்தில் கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, சேற்றிலிருந்து கிளம்பும் மீத்தேனை அளந்துகொண்டிருந்தாள். சூடு ஏற ஏறச் சேறு அதிகமாக மீத்தேன் விடும். அது காற்றில் கலந்து சூட்டை இன்னும் ஏற்றிவிடும். "நம்ம வீட்டுச் சண்டை மாதிரின்னு சொல்லு" என்பான் கணவன்.

ஐந்து வருஷத்தில் ஒருநாள்கூட எட்டிப் பார்க்காத ஆராய்ச்சி நிலைய டைரக்டர், டிவிக்காரர்கள் வருகிறார்கள் என்றதும் புது பூட்ஸோடு வந்து இறங்கினார். நடப்பதற்குப் பலகை போட்டிருந்தது. பலகையில் நின்றால் முகம் சரியாக விழாது என்று கேமராக்காரர் சொன்னதுதான் தாமதம், பெட்டிக்குப் பக்கத்திலேயே சேற்றில் இறங்கிவிட்டார். கனமான மனிதர். குபுகுபுவென்று குமிழி கிளம்பியது. பெட்டியோடு இணைத்திருந்த கம்ப்யூட்டர் திரையில் மீத்தேன் கோடு செங்குத்தாக ஏறியது.

"பாருங்க! என் கண் முன்னாடியே ஏறுது!" டைரக்டருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நிருபர் மைக்கை அவளிடம் நீட்டினார். "மேடம், ஏன் இப்படித் திடீர்னு?"

"சார், கொஞ்சம் பலகை மேல ஏறிக்கிறீங்களா?" என்றாள் அவள், ரொம்பப் பணிவாக.

அவர் ஏறினார். உள்ளே சேர்ந்த வாயு வெளியேறப் பெட்டியை ஒருமுறை திறந்து மூடினாள். குமிழி நின்றது, கோடு அடங்கி ஒடுங்கிப் படுத்துக்கொண்டது.

"அப்ப இவ்வளவு நேரம் வந்தது?" என்றார் நிருபர்.

"சார் மிதிச்சதுல வந்தது. சதுப்பு தானா விடுறது இதோ, இவ்வளவுதான். ஆனா அது வருஷா வருஷம் கூடுது. பயப்பட வேண்டியது அதுக்குத்தான்."

டைரக்டர் சிரித்தார். சிரிப்பு கண்வரை போகவில்லை.

அன்று மாலைக்குள் ஊரே அந்த வீடியோவைப் பார்த்துவிட்டது. தலைப்பு: 'வாயு விட்ட டைரக்டர்'. அவள் சொன்னதில் முதல் வாக்கியம் மட்டும் இருந்தது. மீதியை வெட்டிவிட்டு விளம்பரம் போட்டிருந்தார்கள், ஏசிக்கு.

கணவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தச் சின்னக் கோடு, நிஜமாவே ஏறுதா?" என்றான். ஐந்து வருஷத்தில் அவளிடம் அதைக் கேட்ட முதல் ஆள்.

"ஏறுதுங்க."

அவளை வேறு இடத்துக்குத் தூக்கியடித்துவிட்டு அந்த வேலையில் வைக்க டைரக்டர் மறுநாளே ஆள் தேடினார். முழங்கால் சேற்றில் நிற்க ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. வேலை அவளுக்கே நிலைத்தது.