இருட்டு என்ன விலை

ஒரு ஃப்ரிட்ஜ் நிறைய இருட்டு, நாலாயிரத்து எண்ணூறு. விற்றவன் எட்டாயிரம் சொன்னான். பேசிக் குறைத்தது நான். பழைய சரக்குதான், ஆனால் கதவைச் சாத்தினால் உள்ளே கும்மிருட்டு என்று சத்தியம் செய்தான். விற்கிறவன் சத்தியத்துக்கு ரசீது கிடையாது என்று தெரிந்தும் நம்பினேன்.

ஆய்வகத்துக்குச் சாமான் வாங்குவது என் வேலை. எதற்கும் கழிவு கேட்பேன் என்பதால் என் பெயரே கழிவு. கடைத்தெருவில் கழிவு என்றால் தள்ளுபடி. ஆய்வகத்தில் அது குப்பைக்குப் போவது. இரண்டையும் நினைத்துத்தான் கூப்பிடுகிறார்கள்.

இருட்டு கேட்டவள் குமிழி. ஆராய்ச்சி செய்கிற பெண். நாள் முழுக்கக் குமிழி செய்வதால் அந்தப் பெயர். உடம்பில் ஒவ்வொரு செல்லையும் எண்ணெய்ப் பசையான ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அதே சரக்கில் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் செய்து உள்ளே சாயம் அடைப்பாள். அடைபட்ட சாயம் நெரிசலில் மங்கிக் கிடக்கும். சவ்வு கிழிந்து கசிந்தால் பச்சையாக மின்னும்.

கிழிப்பது, மஞ்சள் பூப்பூக்கும் ஒரு செடியின் சிவப்புச் சாறு. அந்தச் செடியை மேய்ந்த ஆடு நிழலில் நின்றால் ஒன்றுமில்லை. வெயிலுக்கு வந்தால் தோல் வெந்துபோகும். சாறு சவ்வுக்குள் நுழைந்து சும்மா ஒட்டிக்கிடக்கும். வெளிச்சம் பட்டால் போதும், பக்கத்திலிருக்கிற ஆக்சிஜனை உசுப்பிவிடும். அது சவ்வை அரித்துவிடும். புற்றுக்கட்டியில் தடவி அங்கே மட்டும் விளக்கடித்தால் கட்டி மட்டும் சாகும் என்பது குமிழியின் கனவு. அதற்கு முதலில், இருட்டில் இது பரம சாது என்று நிரூபிக்க வேண்டும்.

சாதுவாக இல்லை. ஆறு வாரத்தில் பன்னிரண்டு முறை பார்த்தாள். சாயங்காலம் ஃப்ரிட்ஜில் வைத்த கண்ணாடிக் குழாய்கள் காலையில் பச்சையாகப் பல்லிளித்தன.

"இருட்டுலயும் கிழிக்குதுன்னா அது மருந்து இல்லம்மா, வெறும் விஷம்," என்றார் ஆய்வகத் தலைவர் மேடம். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரு. அப்புறம் மூடிடலாம்."

ஆராய்ச்சியை மூடினால் குமிழியின் சம்பளமும் மூடும்.

வியாழன் காலை பூட்டைத் திறந்து முதலில் நுழைந்தவன் நான். வருடாந்திர இருப்புக் கணக்கு. ஃப்ரிட்ஜ் பல்பு எத்தனை வாட் என்று பார்க்க, கதவைத் திறந்த கையோடு பல்பைத் தொட்டேன். சுரீரென்று சுட்டது.

விரலை உதறினேன். பாதியில் உதறலை நிறுத்தினேன்.

"இப்பதாங்க கடை தொறந்தேன், முதல் வியாபாரம்" என்று குழைகிற கடைக்காரரிடம் என் அப்பா வாயைத் திறக்குமுன் மேசை விளக்கைத் தொட்டுப் பார்ப்பார். "காலைலேர்ந்து எரியுதேப்பா" என்பார். விலை தானாக இறங்கும். திறந்த நொடியில் எந்த பல்பும் இப்படிச் சுடாது. கதவு சாத்தினால் விளக்கை அணைக்கும் பொத்தானை அழுத்தினேன். விளக்கு அசையாமல் எரிந்தது.

பல்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கமுக்கமாக இருந்திருக்கலாம். ஆனால் பன்னிரண்டு தோல்வியும் அவள் தலையில் நின்றுவிடும். அதுவும் போக, குழாய்களில் சுற்ற அலுமினிய ஃபாயில் கேட்டவளிடம், "மூடின பெட்டிக்குள்ள எதுக்கும்மா ஃபாயில்? இருட்டுக்குச் சட்டை மாட்டப் போறியா?" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்த புண்ணியவானும் நான்தான்.

குமிழி வந்ததும் பொத்தானை அழுத்திக் காட்டினேன். அவள் பல்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, ஆறு வாரமா விடிய விடிய லைட்டப் போட்டு வெச்சுட்டா இருட்டுன்னு எழுதிட்டு இருந்தேன்?"

"நீ எழுதின. நான் வாங்கிக் குடுத்தேன்."

"திட்டணும்ணே. வாய்ல வரவே மாட்டேங்குது." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"பாக்கி வெச்சுக்கோ. தவணையில திட்டு."

மேடத்திடம் நானே போய் ஒப்புக்கொண்டேன். "இதுல எவ்வளவு மிச்சம் பண்ணீங்க?" என்றார்.

"மூவாயிரத்து இருநூறு. ஃபாயில்ல ஒரு எழுபது."

"இனிமே தயவுசெஞ்சு மிச்சம் பண்ணாதீங்க. எனக்குக் கட்டுப்படியாகாது."

ஃபாயிலை என் காசில் வாங்கினேன். கழிவு கேட்கவில்லை. "உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று கடைக்காரர் விசாரித்தார். பல்பில்லாத ஃப்ரிட்ஜில் சட்டை போட்ட ஆறு குழாய்கள். விளக்கடியில் சட்டையில்லாத ஆறு.

வெள்ளி காலை ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்தாள். விளக்கடிக் குழாய்கள் ஆறும் மின்னின. இருட்டுக் குழாய்கள் ஆறும் மூச்சுக்கூட விடவில்லை. குமிழி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்து, "சாதுண்ணே, பரம சாது!" என்றாள். எட்டிப் பார்த்த மேடம், "சரி, அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து ஃபாயில் வாங்கிடுங்க கழிவு," என்றுவிட்டுப் போனார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. குமிழிக்கு மூச்சோடு வார்த்தையும் வந்தது. அங்கேயே இரண்டு தவணை கட்டினாள்.

இருப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் வைத்தது ஆறு, கிழிந்தது ஆறு. இருட்டில் வைத்தது ஆறு, கிழிந்தது இல்லை. வீணாக்கிய ஆறு வாரத்துக்கு, நாளுக்கு ஒரு திட்டு வீதம் நாற்பத்திரண்டு. வாங்கிக்கொண்டது இரண்டு. பாக்கி நாற்பது.