பட்டறை பாய்ஸின் பொறுக்கி எடுத்த கேசட்

நல்லம்பள்ளி லாரிப் பட்டறையில் வேலை செய்தவர்கள் சேர்ந்து நடத்திய வாத்தியக் குழுவுக்குப் பட்டறை பாய்ஸ் என்று பெயர். டீசல் பீப்பாய், லாரி ஸ்பிரிங் பட்டை, சம்மட்டி, கூடவே ஒரு சின்ன கீபோர்டு. இவ்வளவுதான் அவர்கள் சொத்து. பாட்டு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, காது கிழிகிற இரும்புச் சத்தம்தான். ஆனால் மாதா கோவில் திருவிழாவானாலும் சரி, பட்டறை ஆயுத பூஜையானாலும் சரி, அந்தச் சத்தத்துக்கு ஆடாத கால் இல்லை. பங்குச் சாமியாரே ஒருமுறை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாளம் போட்டார் என்பார்கள். நம்பினால் நம்புங்கள்.

பீப்பாய் அடித்தவன் இன்னாசிராஜ். அடிப்பதைவிடப் பேசுவதுதான் அதிகம். ஓர் ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் மைக்கைப் பிடுங்கிக்கொள்வான். எந்த மாப்பிள்ளை எப்படி ஆடினான் என்று கிண்டல் செய்வான். கடைசியில் தன் மனைவி சகாயமேரியின் குழம்பையும் வம்புக்கு இழுக்காமல் விடமாட்டான். கீபோர்டு வாசித்த கஸ்பாருக்கு அதில் எரிச்சல்தான். விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது?

எண்பத்தாறு கடைசியில் தொப்பூர் கணவாயில் நின்றுபோன லாரியைச் சரிபார்க்கப் போன இன்னாசி, பிரேக் பிடிக்காமல் இறங்கிய இன்னொரு லாரியில் அடிபட்டுச் செத்தான். குழுவும் அதோடு முடிந்தது. அந்தப் பீப்பாயை வேறொருவன் கையில் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

எண்பத்தேழு கிறிஸ்துமஸுக்குக் கஸ்பார் ஒரு காரியம் செய்தான். நிகழ்ச்சிகளில் பதிந்து வைத்திருந்த கேசட்டுகளிலிருந்து நல்ல வாசிப்புகளாகப் பொறுக்கி ஒரே கேசட்டாக்க, தர்மபுரியில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்த முனியப்பனிடம் போனான். செத்த நண்பனுக்குச் செய்யும் மரியாதை என்றுதான் நினைத்தான். பேச்சு வந்த இடங்களையெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்து வெட்டச் சொன்னான். கடையில் விற்கிற கேசட் போல இருக்க வேண்டுமாம். பதிந்தது தவறிப்போய் அழியக் கூடாதென்று பழைய கேசட்டுகளின் முதுகில் இரண்டு ஓட்டை உடைத்து வைத்திருந்தார்கள். அந்த ஓட்டைகளைக் காகிதம் ஒட்டி அவனே அடைத்தான். புதுக் கேசட் வாங்கும் செலவு மிச்சமென்று அவற்றின் மேலேயே புதுப் பிரதிகளைப் பதிந்து குழுவில் எல்லோருக்கும் கொடுத்தான்.

கடைசிப் பிரதியோடு சகாயமேரி வீட்டுக்குப் போனான். அவள் பக்கத்து வீட்டில் டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கி வைத்திருந்தாள். அப்பன் சாகும்போது வயிற்றில் இருந்த பெண் குழந்தையை மடியில் உட்கார வைத்து, "பாப்பா, அப்பா பேசப்போறாரு, கேளு" என்றாள்.

எதை வெட்டினோம் என்பது கஸ்பாருக்கு அப்போதுதான் உறைத்தது. கேசட்டைப் போட்டான். ஒரு பக்கம் ஓடி முடிந்தது. திருப்பிப் போட்டான், அதுவும் முடிந்தது.

"அவரு பேசவே இல்லீங்களே, அண்ணா."

பேச்சு வேண்டாமென்று எடுத்துவிட்டதைச் சொன்னான். அதனால் என்ன, பழைய கேசட்டைக் கொடுங்கள், அது போதும் என்றாள். தொலைந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்கு வாய் வரவில்லை.

"அது மேலயேதான் இதைப் பதிஞ்சேன், தங்கச்சி."

இன்னாசியின் குரல் வேறெங்கும் பதிவாகியிருக்கவில்லை. அது இருவருக்கும் தெரியும். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவளோ குழந்தையின் தலையைத் தடவிக்கொடுத்தாள். கஸ்பார் கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டான்.

"இந்தப் பீப்பாய் அடி பூரா அவன் கைதாம்மா. இது இன்னாசி. இதோ, இதுவும் இன்னாசி."

ஒவ்வோர் அடிக்கும் விரலைத் தூக்கிக் காட்டினான். அவனுக்கு அதில் நண்பனின் தோளும் வியர்வையும் சிரிப்பும் கேட்டன. அவளும் தலையைச் சாய்த்துக் கவனமாகத்தான் கேட்டாள்.

"எனக்கு அவரு வூட்டுல பேசுறதுதான் தெரியுங்க. யாரு அடிச்சாலும் எனக்கு இப்படித்தாங்க இருக்கும், அண்ணா."

சொல்லிவிட்டாளே தவிர, டேப்பை அவள் நிறுத்தவில்லை. அவன் மனம் நோகக் கூடாதென்று கடைசி அடி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.